ஃபேன்டஸி, த்ரில்லர் தொடர்கள்: எந்த வரிசை, எந்தப் பதிப்பு, உப்புக்காற்றில் எப்படிக் காப்பது?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்) கேட்டது:

வணக்கம் நண்பர்களே. பொன்னியின் செல்வன், கணேஷ் - வசந்த், மாத நாவல்கள் என்று தமிழில் நிறையப் படித்தாயிற்று. இனி ஆங்கிலத்தில் பெரிய தொடர்களுக்குள் இறங்க ஆசை. ஃபேன்டஸியும் வேண்டும், த்ரில்லரும் வேண்டும். ஒரே உலகத்தில் மாதக்கணக்கில் குடியிருந்து, அங்குள்ள மனிதர்கள் வளர்வதையும் கெடுவதையும் கூடவே இருந்து பார்ப்பதுதான் எனக்குப் பிடித்தது.

ஆனால் கடைக்குப் போனால் குழப்பம். ஐந்து நாவல் கொண்ட தொடர் என்கிறார்கள், அலமாரியில் ஏழு புத்தகம் இருக்கிறது. வெளிவந்த வரிசை ஒன்று, கதை நடக்கும் வரிசை இன்னொன்று. எதைப் பிடிப்பது? ஆயிரம் பக்கத்தில் வரும் இத்தனை பெயர்களை எப்படி மனதில் நிறுத்துவது? இன்னொரு கவலையும் உண்டு. வீடு கடலுக்குப் பக்கம். பழைய பாக்கெட் நாவல்களில் அடித்திருக்கும் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து அட்டை கழன்று வருகிறது. புதிதாக வாங்கும் தடிப் புத்தகங்களுக்கு இந்தக் கதி வராமல் இருக்க என்ன வழி? கதையை மட்டும் உடைத்துவிடாமல் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை வாசகர் (புதுச்சேரி):

முதலில் அந்த ஐந்து - ஏழு கணக்கைத் தீர்த்துவிடுவோம். காசு வீணாவது அங்கேதான்.

நீங்கள் பார்த்தது ஜார்ஜ் மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ ஆகத்தான் இருக்கும். வெளிவந்த நாவல்கள் ஐந்து. முதலாவது 1996, ஐந்தாவது 2011. நம் பக்கத்துக் கடைகளுக்குப் பெரும்பாலும் வருவது பிரிட்டிஷ் பேப்பர்பேக். அதில் மூன்றாவதையும் ஐந்தாவதையும் தடிமன் கருதி இரண்டிரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாவதான ‘எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வார்ட்ஸ்’ முதல் பாதிக்கு ‘ஸ்டீல் அண்ட் ஸ்னோ’, இரண்டாம் பாதிக்கு ‘பிளட் அண்ட் கோல்ட்’ என்று துணைத்தலைப்பு. ஐந்தாவதான ‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ பாதிகளுக்கு ‘ட்ரீம்ஸ் அண்ட் டஸ்ட்’, ‘ஆஃப்டர் தி ஃபீஸ்ட்’. அமெரிக்கப் பதிப்பில் மூன்றாவது ஒரே புத்தகம். பழைய புத்தகக் கடையில் அதை எடுத்துவிட்டு, பிறகு ஆன்லைனில் ‘பிளட் அண்ட் கோல்ட்’டும் வாங்கினால் ஒரே கதைக்கு இரண்டு தடவை காசு கொடுத்ததாகும். மாறி நடந்தால் இன்னும் மோசம். ‘ஸ்டீல் அண்ட் ஸ்னோ’ முடித்த கையோடு நான்காவது நாவலை எடுத்தால், தொடரின் மிகப் பெரிய திருப்பங்கள் இருக்கும் பாதி விட்டுப்போகும். அதைவிடக் கொடுமை, அந்தத் திருப்பங்களின் விளைவைத் தொடக்க அத்தியாயங்களிலேயே தெரிந்துகொள்வீர்கள்.

பிராண்டன் சாண்டர்சனின் ‘ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவ்’ தொடரிலும் இதே சிக்கல். 2010இல் வந்த ‘தி வே ஆஃப் கிங்ஸ்’ பிரிட்டிஷ் பேப்பர்பேக்கில் பார்ட் ஒன், பார்ட் டூ என்று இரண்டு. அடுத்து வந்தவையும் அப்படியே. முன்னட்டைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் இரண்டாம் பாதியை மட்டும் வாங்கி வருகிறவர்கள் உண்டு. புத்தகத்தின் முதுகைப் பாருங்கள். அங்கே பார்ட் என்ற சொல் சின்ன எழுத்தில் இருக்கும். ஆன்லைனில் வாங்கினால் தலைப்பை நம்பாதீர்கள், ஐஎஸ்பிஎன் எண்ணை (ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ள தனி எண்) தேடிப் பாருங்கள், பக்க எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஆயிரம் பக்க நாவல் ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம் என்று போட்டிருந்தால் அது பாதிதான். பழைய புத்தகம் விற்பவரிடம் முதுகின் படமும் காப்புரிமைப் பக்கத்தின் படமும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்தப் பிரதி வேண்டாம்.

இனி வரிசை. வெளிவந்த வரிசையில் படியுங்கள். காரணம் எளிது. ஆசிரியர் முன்கதையைப் பிற்பாடு எழுதும்போது, வாசகருக்கு முந்தைய புத்தகங்கள் தெரியும் என்ற கணக்கில்தான் எழுதுகிறார். எங்கே மறைக்க வேண்டும், எங்கே திறக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் அமைந்தது. சி.எஸ். லூயிஸின் நார்னியா ஏழு புத்தகங்கள். 1950இல் முதலில் வந்தது ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’. இப்போது விற்கும் பல பதிப்புகளில் 1 என்று எண் போட்டிருப்பது 1955இல் வந்த ‘தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ’. கதைக்காலப்படி அதுதான் முதல். ஆனால் அந்த உலகத்துக்குள் ஒரு சிறுமி முதல்முறை அடியெடுத்து வைக்கும்போது அவளுக்கு வரும் வியப்பு நமக்கும் வர வேண்டுமென்றால், அந்த உலகம் எப்படி உண்டானது என்பது முன்கூட்டித் தெரிந்திருக்கக் கூடாது. அட்டையில் உள்ள எண்ணை மறந்துவிட்டு 1950 புத்தகத்தில் தொடங்குங்கள்.

சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’ இன்னும் நல்ல உதாரணம். முதல் மூன்று நாவல்கள் 2006, 2007, 2008. ‘சீக்ரெட் ஹிஸ்டரி’ என்று ஒரு குறுநாவல் 2016இல் வந்தது. அதன் நிகழ்ச்சிகள் அந்த மூன்று நாவல்களின் காலத்திலேயே நடக்கின்றன. அதை நடுவில் செருகிப் படித்தால் எல்லா முடிச்சும் அவிழ்ந்துபோகும். பிறகு வந்த இரண்டாம் வரிசை மிஸ்ட்பார்ன் நாவல்களில் மூன்றாவதான ‘தி பேண்ட்ஸ் ஆஃப் மோர்னிங்’ முடித்தபிறகுதான் அதைத் தொட வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. டெர்ரி பிராட்செட்டின் ‘டிஸ்க்வேர்ல்டு’ 41 நாவல்கள், 1983 முதல் 2015 வரை; ஒரே உலகம், பல கதைக்கிளைகள். முதல் இரண்டில் ஆசிரியரின் கை இன்னும் படியவில்லை. நகரக் காவலர் கதைகள் தொடங்கும் ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989) எடுத்து அந்தக் கிளையை வரிசையாகப் படியுங்கள். மற்றக் கிளைகளுக்குப் பிறகு போகலாம்.

உங்களுக்கு என் சிபாரிசு: தொடக்கத்துக்கு உர்சுலா லெ குவினின் ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968). இருநூறு பக்கச் சொச்சம்தான். தீவுகளும் படகுகளும் காற்றும் நிறைந்த உலகம். ஒரு வாக்கியம்கூட வீணாக இருக்காது. அடுத்து மிஸ்ட்பார்ன் முதல் மூன்று. அதில் மந்திரத்துக்கே கறாரான விதிகள். எந்த உலோகத்தை விழுங்கினால் என்ன சக்தி வரும், எப்போது தீரும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். அதனால் சண்டைக் காட்சிகளில் அடுத்த காய் என்ன என்று நாமும் சேர்ந்து யோசிக்க முடிகிறது. அதன் பிறகு ராபின் ஹாப்பின் தொடர்கள், மொத்தம் 16 நாவல்கள், ஐந்து தொகுதிகளாக. முதல் மூன்றைப் படித்துவிட்டு, அதே நாயகன் வேண்டும் என்ற ஆசையில் ‘லைவ்ஷிப் டிரேடர்ஸ்’ மூன்றைத் தாண்டி ‘டானி மேன்’ தொகுதிக்குப் போகிறவர்கள் பலர். போகாதீர்கள். நடுவில் உள்ள கப்பல் கதைகளில் விதைத்ததைத்தான் பின்னால் அறுவடை செய்கிறார். துறைமுகமும் வணிகக் கடனும் குடும்பக் கௌரவமும் பின்னிய அந்த மூன்றும் கடலூர்க்காரருக்கு மிக நெருக்கமாக இருக்கும்.

‘வீல் ஆஃப் டைம்’ அப்புறம் வையுங்கள். முதன்மைத் தொடர் 14 நாவல்கள், அதோடு ‘நியூ ஸ்பிரிங்’ என்ற முன்கதை. ராபர்ட் ஜோர்டன் 2007இல் காலமானபின் அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு கடைசி மூன்றைச் சாண்டர்சன் எழுதி 2013இல் முடித்தார். எட்டு முதல் பத்து வரை ஓட்டம் தளரும். வாசகர்கள் கைவிடுவது பெரும்பாலும் அங்கேதான். பதினொன்றில் மறுபடி வேகம் பிடிக்கும். அந்த இடத்தில் தினம் ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு கடந்துவிடுங்கள். முன்கதையை முதலில் படிக்காதீர்கள், பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் படியுங்கள். அது வெளிவந்ததும் அந்த இடத்தில்தான்.

துறைமுகம் (முதுநகர், கடலூர்):

ஃபேன்டஸி பக்கம் அவர் நன்றாகச் சொல்லிவிட்டார். த்ரில்லருக்கு நான்.

த்ரில்லர் தொடர்களில் வரிசை முக்கியமானவை, முக்கியமில்லாதவை என்று இரண்டு வகை. லீ சைல்டின் ஜாக் ரீச்சர் இரண்டாம் வகை. ஒவ்வொரு நாவலும் தனிக் கதை, நாயகன் புதிய ஊருக்கு வருவான், வேலையை முடிப்பான், போய்விடுவான். கையில் கிடைத்ததை எடுக்கலாம். தொடக்கம் வேண்டுமென்றால் 1997இல் வந்த ‘கில்லிங் ஃப்ளோர்’. அவனுடைய ராணுவக் காலத்தைச் சொல்லும் ‘தி எனிமி’ 2004இல் வந்தது. நாலைந்து படித்தபின் அதை எடுத்தால் சுவை கூடும்.

மைக்கேல் கானலியின் ஹாரி பாஷ் அப்படியல்ல. 1992இல் ‘தி பிளாக் எக்கோ’வில் தொடங்கிய துப்பறிவாளர் புத்தகத்துக்குப் புத்தகம் நிஜமாகவே வயதாகிக்கொண்டு வருகிறார். வேலை மாறுகிறது, குடும்பம் மாறுகிறது. நடுவில் நுழைந்தால் குற்றம் புரியும், மனிதர் புரியமாட்டார். மிக் ஹெரனின் ‘ஸ்லோ ஹார்ஸஸ்’ (2010) தொடரில் வரிசை இன்னும் கறார். முக்கியமான ஆட்களே சாகிறார்கள். ஐந்தாவதை முதலில் எடுத்தால் முந்தைய நான்கில் யார் தப்பவில்லை என்பது வருகைப்பதிவு மாதிரி தெரிந்துவிடும்.

ஜான் லெ காரேயின் உளவுக் கதைகளில் ஒரு பொறி இருக்கிறது. 2017இல் வந்த ‘எ லெகசி ஆஃப் ஸ்பைஸ்’ புதிய புத்தகம் என்பதால் கடையில் முன்னால் நிற்கும். அது 1963இல் வந்த ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்டு’ கதையின் விளைவுகளைப் பேசுவது. 1963 நாவலின் முடிவு தெரியாமல் அதைத் திறக்காதீர்கள். அதேபோல் ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ (1974), ‘தி ஆனரபிள் ஸ்கூல்பாய்’ (1977), ‘ஸ்மைலிஸ் பீப்பிள்’ (1979) மூன்றும் அந்த வரிசையில்தான்.

அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோ வரும் கதைகளை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் 1937இல் வந்த ‘டம்ப் விட்னஸ்’ நாவலில், பேச்சுவாக்கில் புவாரோ பழைய நான்கு வழக்குகளின் குற்றவாளிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’, ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்டு’, ‘தி மிஸ்டரி ஆஃப் த புளூ டிரெயின்’, ‘டெத் இன் த கிளவுட்ஸ்’ நான்கும் போச்சு. ஆகவே அந்த நான்கையும் முடித்துவிட்டு அதற்குப் போங்கள். ‘கர்ட்டன்’ கடைசி. போர்க்காலத்திலேயே எழுதிப் பூட்டி வைத்து 1975இல் வெளியிட்டது. அது கடைசியாக இருப்பதற்குத்தான் எழுதப்பட்டது.

ஸ்டீக் லார்சனின் ‘மில்லேனியம்’ முதல் மூன்றும் ஒரே மூச்சுக் கதை. இரண்டாவது நடுவில் அறுந்த மாதிரி முடியும், ஆகவே மூன்றாவதை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். நான்காவது முதல் வேறு கைகள் எழுதியவை. லார்சன் 2004இலேயே, முதல் நாவல் அச்சேறும் முன்பே, போய்விட்டார். மூன்றோடு நிறுத்தினால் குறை ஒன்றும் இல்லை.

திருட்டுப் பதிப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. நடைபாதையில் பாதி விலைக்கு வரும் த்ரில்லர்களில் பல நகல் அச்சு. எழுத்தின் ஓரம் மங்கி மை பரவியிருக்கும், பக்கத்துக்குப் பக்கம் வரிகள் சாய்ந்திருக்கும், பின்னட்டை ஐஎஸ்பிஎன் உள்ளே காப்புரிமைப் பக்கத்தில் இருப்பதோடு பொருந்தாது. த்ரில்லருக்கு இது தனிக் கேடு, ஏனென்றால் இவற்றில் பதினாறு, முப்பத்திரண்டு பக்கத் தொகுப்பு ஒன்று முழுசாக விடுபட்டோ இரண்டு முறை வந்தோ இருக்கும். அது பெரும்பாலும் முடிவுக்குப் பக்கத்தில்தான் கண்ணில் படும். வாங்கும்போதே பக்க எண்களை விரலால் ஓட்டிக் கடைசிவரை பார்த்துவிடுங்கள்.

தாகூர் கலைக்கல்லூரி பக்கம் (லாஸ்பேட்டை, புதுச்சேரி):

வெளிவந்த வரிசைதான் சரி என்பதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. கல்கி ‘பார்த்திபன் கனவு’ எழுதியது 1941 - 43. ‘சிவகாமியின் சபதம்’ 1944 - 46. கதைக்காலப்படி சிவகாமி முந்தியது, பார்த்திபன் பிந்தியது. இப்போது பலர் சிவகாமியை முதலில் படிக்கச் சொல்கிறார்கள். அப்படிப் படித்தால் பார்த்திபன் கனவில் கல்கி கடைசிவரை பொத்திவைக்கும் ஓர் ஆளின் அடையாளம் வாசகருக்குப் பாதி வழியிலேயே விளங்கிவிடும். ஆனந்த அதிர்ச்சி போய்விடும். எழுதிய வரிசையில் படித்துவிட்டு, ஆசைப்பட்டால் இரண்டாம் முறை காலவரிசையில் படியுங்கள். அப்போது பல்லவ இளவரசனின் வாழ்க்கை முழுசாக வேறொரு கனத்தோடு தெரியும்.

முத்தியால்பேட்டை நண்பர் டிஸ்க்வேர்ல்டுக்குக் கொடுத்த விலக்கை நான் ஏற்கமாட்டேன். முதலிரண்டையும் படித்தால்தான் அந்த ஆசிரியர் எவ்வளவு தூரம் வளர்ந்தார் என்பது தெரியும். சுஜாதாவுக்கும் அதுதான். 1968இல் வந்த ‘நைலான் கயிறு’ கதையில் கணேஷ் தனியாள். வசந்த் வந்து சேர்ந்த பிறகு அந்தக் கணேஷே எப்படி மாறுகிறார் என்பதை வரிசையாகப் படிக்கிறவர்தான் அனுபவிக்க முடியும்.

கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. அதனால் பொன்னியின் செல்வனை எத்தனையோ பதிப்பகங்கள் போடுகின்றன. மலிவுப் பதிப்பில் இரண்டைக் கவனியுங்கள்: சுருக்கப் பதிப்பா, முழுமையா என்பது ஒன்று. ஐந்து பாகத்தையும் ஒரே தடியாகக் கட்டியதா என்பது மற்றது. ஒரே தடி அழகாக இருக்கும், நாலாவது வாசிப்பில் முதுகு பிளக்கும். பாகத்துக்கு ஒரு புத்தகமாக ஐந்து இருப்பதை வாங்குங்கள், அதுவும் ஒரே பதிப்பகத்தில்.

கெடிலக்கரை:

மனமார்ந்த நன்றி. பெயர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? பின் துரு, ஈரம் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை வாசகர்:

பெயர்களுக்கு அஞ்சலட்டை அளவில் ஒரு கெட்டி அட்டை போதும், அதுவே பக்க அடையாளமாகவும் இருக்கும். முதல்முறை வரும் பெயரை எழுதாதீர்கள். இரண்டாம் முறை வந்தால் மட்டும் எழுதுங்கள்: பெயர், யாருடைய ஆள், முதலில் வந்த பக்க எண். ஒரு வரிக்கு மேல் வேண்டாம். இந்த வடிகட்டலில் வழிப்போக்கர் எல்லாம் உதிர்ந்து, ஆயிரம் பக்க நாவலுக்கும் ஒரே அட்டையின் இரு பக்கம் சரியாக வரும். தொடர் முடியும்வரை அட்டைகளை வைத்திருங்கள். அடுத்த பாகம் தொடங்கும் முன் பழைய அட்டையை ஒருமுறை வாசித்தால் முழுப் புத்தகமும் நினைவுக்கு வந்துவிடும்.

முன்பக்க வரைபடத்தைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், அடிக்கடி புரட்டி முதுகை முறிக்க வேண்டாம். இணையத்தில் பெயரைத் தேடவே கூடாது. பெயரின் முதல் நாலு எழுத்தைத் தட்டியதும் மரணம் என்ற சொல்லைத் தேடுபொறியே சேர்த்துக் காட்டும். அடுத்த பாகத்தின் பின்னிணைப்பையும் புரட்டாதீர்கள். மார்ட்டின் புத்தகங்களில் ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் குடும்பப் பட்டியல் உண்டு, அதில் முந்தைய பாகத்தில் இறந்தவர்கள் இறந்தவர்களாகவே குறிக்கப்பட்டிருப்பார்கள். பின்னட்டைச் சுருக்கமும் அப்படித்தான். வாங்கிய அன்றே பள்ளிப் புத்தகத்துக்குப் போடும் பிரவுன் தாள் அட்டையைப் போட்டுவிடுங்கள், கண்ணுக்கும் தெரியாது, அட்டையும் அழுக்காகாது.

நூல் தையல் (கடலூர் ஓ.டி.):

பிரவுன் தாள் சரி, ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அந்தத் தாளில் அமிலம் உண்டு, அது புத்தக அட்டைக்கும் இறங்கும். பிளாஸ்டிக் உறை நம் ஊருக்கு ஆகாது. உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறாமல் அட்டையின் உள்பக்கம் பூஞ்சை கட்டும்.

பாக்கெட் நாவல், காமிக்ஸ் இவற்றின் பின் சாதாரண இரும்பு. உப்புக்காற்றில் துருப்பிடித்து, துரு காகிதத்தில் ஊறி, அந்த இடம் பொடிந்து ஓட்டையாகிறது. அட்டை கழல்வது அதனால்தான். புதிய பின் அடித்தால் அதுவும் துருப்பிடிக்கும். நூலால் தைத்துவிடுவதுதான் நிரந்தரம், பத்து நிமிட வேலை.

புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து வைத்து, மழுங்கிய கத்தி முனையால் பின்னின் மடங்கிய இரண்டு கால்களையும் உள்ளிருந்து நிமிர்த்துங்கள். பிறகு வெளியே திருப்பி மெதுவாக உருவுங்கள். வெளியிலிருந்து நெம்பினால் அட்டை கிழியும். கால் பொடிந்து காகிதத்தோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், காலை வெட்டி எடுங்கள். துருப்பொடியைக் காய்ந்த பிரஷால் தட்டுங்கள், தண்ணீர் படக் கூடாது. தாள்களைத் தட்டிச் சமன் செய்து, நடு மடிப்பில் மூன்று துளை: ஒன்று சரியாக நடுவில், மற்ற இரண்டும் மேல்விளிம்பிலிருந்தும் கீழ்விளிம்பிலிருந்தும் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி. பழைய பின் ஓட்டைகள் பலமாக இருந்தால் அவற்றையே பயன்படுத்தலாம், பொடிந்திருந்தால் அரை சென்டிமீட்டர் நகர்த்துங்கள்.

நூல் புத்தக உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு நீளம். பைண்டிங் நூல்தான் வேண்டும், தையல் மெஷின் நூல் மெலிசு, காகிதத்தை அறுத்துவிடும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் முடிச்சு நழுவாது. உள்ளிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே விடுங்கள், வால் பத்து சென்டிமீட்டர் உள்ளேயே நிற்கட்டும். வெளியிலிருந்து மேல்துளை வழியாக உள்ளே வாருங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளைக்கு வந்து வெளியே போங்கள். திரும்பவும் நடுத்துளை வழியாக உள்ளே. இப்போது இரண்டு முனைகளும் அந்த நீள இழைக்கு இருபுறமும் இருக்க வேண்டும். மடிப்பின் திசையிலேயே இழுத்து இறுக்கி இரட்டை முடிச்சு போடுங்கள். மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும்.

தடி பேப்பர்பேக் விஷயம் வேறு. முதுகில் இருப்பது வெறும் பசை. புதுப் புத்தகத்தை நடுவில் பிளந்து மடக்கினால் பசை அந்த இடத்தில் விரிசல் விடும், பிறகு அங்கிருந்துதான் பக்கம் கழலும். முதுகை மேசைமேல் நிறுத்தி, முன்னட்டையை ஒரு பக்கம், பின்னட்டையை மறுபக்கம் சாயுங்கள். பிறகு முன்னால் இருபது பக்கம், பின்னால் இருபது பக்கம் என்று மாறி மாறி நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். கழன்ற பக்கத்துக்கு செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், பழுப்பாகிப் பிசின் கசிந்து அடுத்த பக்கத்தையும் கெடுக்கும். வெள்ளைப் பசையை உள்விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் தடவி, இடத்தில் பொருத்தி, இருபுறமும் பட்டர் பேப்பர் வைத்து, ராத்திரி முழுக்க பாரம் வையுங்கள்.

ஈரம்: அலமாரியைக் கடற்காற்று நேராக அடிக்கும் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். மழை ஊறும் வெளிச்சுவரில் ஒட்டாமல் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். புத்தகங்களை நெருக்கித் திணிக்காமல் ஒரு விரல் போகிற தளர்வு வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை வரும், நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அது சர்வசாதாரணம். அந்த மாதங்களில் மூடிய பீரோ என்றால் தட்டுக்கு நூறு கிராம் சிலிக்கா ஜெல், துணிப்பையில் கட்டி வையுங்கள். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாகிற வகை வாங்குங்கள், நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, வீட்டுக்கு வேண்டாம். பச்சையானால் 110 - 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் வேலை செய்யும். திறந்த அலமாரியில் அதை வைத்துப் பயனில்லை, மின்விசிறிக் காற்று ஓட்டம் போதும்.

இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டும் வேப்பிலையும் போடலாம். இலை நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும், பச்சை இலை ஈரத்தைத்தான் கூட்டும். எது போட்டாலும் தை, மாசியில் காற்று உலர்ந்த பிறகு புத்தகம் அத்தனையும் இறக்கி, தூசி தட்டி, நிழலில் ஒரு பகல் விரித்து வைப்பதற்கு ஈடு இல்லை. பூச்சிக்குப் பிடித்தது அசையாத இருட்டு.

2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊர்கள் நம்முடையவை. கீழ்த்தட்டில் விலையுயர்ந்த தொடர் எதையும் வைக்காதீர்கள். நனைந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை தொடங்கும். சேறு பட்டிருந்தால் புத்தகத்தை மூடியபடியே நல்ல தண்ணீரில் அலசுங்கள், திறக்காதீர்கள். பிறகு நிறுத்தி வைத்து, இருபது பக்கத்துக்கு ஒரு அச்சில்லாத தாள் செருகி, ஈரம் இழுத்த தாள்களை மாற்றிக்கொண்டே இருங்கள். வெயிலில் போட்டால் காகிதம் நெளியும். ஒரே நேரத்தில் நிறையப் புத்தகம் நனைந்தால், ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, முதுகு கீழே இருக்கும்படி ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்திருக்கும்வரை பூஞ்சை வராது. இரண்டிரண்டாக எடுத்து ஆற அமரக் காய வைக்கலாம்.

கெடிலக்கரை:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இன்றே ஊசி நூல் வாங்குகிறேன். கடைசியாக ஒன்று: முடியாமல் நிற்கும் தொடரைத் தொடங்கலாமா? எர்த்ஸீ, மிஸ்ட்பார்ன் முடித்தபின் மார்ட்டினா, ஸ்டார்ம்லைட்டா?

முத்தியால்பேட்டை வாசகர்:

ஸ்டார்ம்லைட். பத்து நாவலாகத் திட்டமிட்டது, முதல் ஐந்து ஒரு சுற்று, ஐந்தாவதான ‘விண்ட் அண்ட் ட்ரூத்’ 2024 டிசம்பரில் வந்து அந்தச் சுற்று முடிந்துவிட்டது. நின்று மூச்சுவிட இடம் இருக்கிறது. இரண்டாவதுக்கு முன் ‘வார்பிரேக்கர்’ என்ற தனி நாவலைப் படியுங்கள், ஆசிரியரே தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். ‘எட்ஜ்டான்சர்’ இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், ‘டான்ஷார்ட்’ மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்.

மார்ட்டின் தொடரில் ஆறாவது இன்னும் வரவில்லை. நான்காவதும் ஐந்தாவதும் பெரும்பகுதி ஒரே காலத்தில் வெவ்வேறு இடங்களில் நடப்பவை, ஐந்தாவது பல கதைகளை நடுவழியில் நிறுத்துகிறது. ஆனாலும் முதல் மூன்று தருகிற அனுபவத்துக்காகத் தொடங்கலாம். ‘பிளட் அண்ட் கோல்ட்’ முடிகிற இடம் ஓரளவு நிறைவான நிறுத்தம். ஆகவே நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போனால் முதலில் நாலு புத்தகம் மட்டும் வாங்குங்கள்: ஒன்று, இரண்டு, மூன்றின் இரு பாதிகள். நான்கும் ஒரே அச்சு வரிசையா என்று முதுகைச் சேர்த்து வைத்துப் பார்த்து, ஐஎஸ்பிஎன் எண்களைப் போனில் குறித்துக்கொண்டு வாருங்கள். மிச்சத்தைப் பிறகு வாங்கும்போது அதே பதிப்பைக் கேட்க வசதியாக இருக்கும்.